கிரீன்ஸ்டெட் மரத் தேவாலயம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டனுக்கு வடகிழக்கே எசெக்ஸில், ஆங்கர் என்ற சிற்றூரை ஒட்டி கிரீன்ஸ்டெட் என்று ஒரு குக்கிராமம். அங்கே ஓக் மரங்களைப் பிளந்து வரிசையாக நிறுத்திச் சுவராக்கிய ஒரு சின்ன சர்ச் இருக்கிறது, புனித அந்திரேயாவின் பெயரில். ஊரிலிருந்து யார் வந்தாலும், பிக் பென்னும் அரண்மனையும் பார்த்து முடித்த பிறகு, நான் அங்கேதான் கூட்டிப் போவேன். வந்தவர்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அதனால் பதில்களை ஓரிடத்தில் எழுதி வைத்துவிட்டேன்.

இவ்வளவுதானா? இதைப் பார்க்கவா இத்தனை தூரம் வந்தோம்?

இவ்வளவுதான். பெரியம்மா ஒருவர் வாசலிலேயே நின்று "நம்ம ஊர் கல்யாண மண்டபத்துச் சமையல்கட்டு இதைவிடப் பெரிசு" என்றார். தப்பில்லை. மக்கள் உட்காரும் நடுக்கூடம் சுமார் 30 அடி நீளம்தான், அகலம் அதில் ஏறக்குறைய பாதி.

ஆனால் வெளியே புல்வெளியில் நின்று இடமிருந்து வலமாக ஒரு தடவை நிதானமாகப் பாருங்கள். மேற்கே வெள்ளைப் பலகை அடித்த மணிக்கூண்டு, மேலே கூம்பு. நடுவில் கருத்துப்போன மரச் சுவர், அதன் தலையில் பெரிய ஓட்டுக் கூரை, கூரையிலிருந்து துருத்தும் குட்டிச் சன்னல்கள். கிழக்குக் கோடியில், பீடம் இருக்கும் பகுதி மட்டும் சிவப்புச் செங்கல். மரச் சுவர் 11ஆம் நூற்றாண்டு வாக்கில் வந்தது, செங்கல் 1500 வாக்கில், கூரையில் பெரும்பகுதி 19ஆம் நூற்றாண்டு வேலை. அவரவர் காலத்தில் கையில் இருந்ததை வைத்து ஒட்டுப் போட்டிருக்கிறார்கள். எனக்கு இந்தச் சர்ச்சில் பிடித்ததே அந்த ஒட்டுகள்தான்.

மரத்தில் சுவர் என்றால், பலகை அடித்ததா?

இல்லை. ஓக் மரத்தை நீளவாக்கில் பிளந்து, ஒவ்வொரு பாதியையும் நிமிர்த்தி நிறுத்தியிருக்கிறார்கள். பிளந்த தட்டை முகம் உள்பக்கம், உருண்டை முதுகு வெளிப்பக்கம். அதனால் வெளியே நின்று பார்த்தால் தூண்களை நெருக்கி அடுக்கிய மாதிரி தெரியும். உள்ளே போனால் சமமான சுவர். இப்போது அப்படி 51 மரத் துண்டுகள் நிற்கின்றன.

இரண்டு மரங்களுக்கு நடுவில் இடுக்கு விழும் அல்லவா? அதற்கு ஒவ்வொரு மரத்தின் விளிம்பிலும் மேலிருந்து கீழ்வரை காடி எடுத்து, பக்கத்து மரத்தின் காடிக்கும் சேர்த்து நடுவில் ஓக் சிம்பு ஒன்றை நாக்கு மாதிரி செருகியிருக்கிறார்கள். மழையும் காற்றும் நேராக உள்ளே வராது. மரம் பருவத்துக்குப் பருவம் ஊதினாலும் சுருங்கினாலும் நாக்கு காடிக்குள்ளேயே கொஞ்சம் நகர்ந்து கொடுக்கும். இன்றைக்கும் கதவுப் பலகை சேர்க்கும் ஆசாரி இதைத்தான் செய்கிறார்.

உள்ளே போனதும் கண் இருட்டுக்குப் பழக ஒரு நிமிடம் கொடுங்கள். பிறகு சுவரைப் பக்கவாட்டில் பார்த்தால், தட்டை முகத்தில் வரிசை வரிசையாக ஆழமில்லாத பள்ளங்கள் தெரியும். வாய்ச்சி போட்ட தடம் அது. இழைப்புளி ஓடியிருந்தால் இந்தத் தடம் மிஞ்சியிருக்காது. ஒவ்வொரு பள்ளமும் ஒரு கொத்து. சில இடத்தில் கொத்து நெருக்கமாகவும் சில இடத்தில் இடைவெளி விட்டும் விழுந்திருக்கிறது. சாயங்காலத்துக்குள் முடிக்கவேண்டும் என்று யாரோ அவசரப்பட்டிருப்பார் என்று நான் நினைத்துக்கொள்வேன். ஆதாரம் எதுவும் கிடையாது.

உலகத்திலேயே பழைய மரச் சர்ச் இதுதானாமே?

அப்படித்தான் சொல்கிறார்கள். அது பெரும்பாலும் சரியாகவே இருக்கலாம். நார்வேயின் புகழ்பெற்ற மரக் கோயில்கள் இதற்குப் பிந்தியவை: ஊர்னெஸ் 1130 வாக்கில் வந்தது, போர்குண்ட் 1180 வாக்கில். ஆனால் 'உலகின் பழைய மரக் கட்டடம்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஜப்பானில் ஹோரியூஜி என்ற பௌத்த விகாரையின் மரக் கட்டடங்கள் இதைவிடச் சில நூற்றாண்டுகள் மூத்தவை.

இன்னொன்று, கிரீன்ஸ்டெட்டில் பழையது நடுக்கூடத்தின் சுவர் மட்டும்தான். கூரை, மணிக்கூண்டு, பீடப் பகுதி எல்லாம் பிற்பாடு சேர்ந்தவை.

845ஆம் ஆண்டு என்று ஒரு பழைய புத்தகத்தில் படித்தேன். நீங்கள் 11ஆம் நூற்றாண்டு என்கிறீர்கள். எது சரி?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. எனக்கும் பிடித்தது, அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

மரத்தின் குறுக்குவெட்டில் ஆண்டுக்கு ஒன்றாக வளையம் விழும். நல்ல மழை பெய்த வருடம் அகலமான வளையம், வறண்ட வருடம் குறுகலானது. ஒரு வட்டாரத்து ஓக் மரங்கள் எல்லாவற்றிலும் இந்த அகல-குறுகல் வரிசை ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். அந்த வரிசையை இன்றிலிருந்து பின்னோக்கிக் கோத்துக்கொண்டே போனால், பழைய மரத்துண்டு ஒன்றின் வளையங்கள் எந்த ஆண்டுகளோடு பொருந்துகின்றன என்று கண்டுபிடித்துவிடலாம்.

1960களில் முதலில் இப்படிப் பார்த்தபோது வந்த விடைதான் 845. அந்தக் காலத்தில் ஒப்பிட்டுப் பார்க்கும் வளைய வரிசைகள் இன்று இருக்கும் அளவுக்கு வளரவில்லை. 1995இல் திரும்ப ஆராய்ந்தார்கள். மிஞ்சியிருக்கும் கடைசி வளையம் 1053ஆம் ஆண்டினுடையது என்று வந்தது.

சரி, அப்படியானால் மரத்தை 1053இல் வெட்டினார்களா என்றால் அதுவும் இல்லை. மரத்தின் நடுவில் இருப்பது வைரம், பட்டைக்கு அடியில் இருப்பது வெளிறு. வெளிறு மெத்தென்று இருக்கும், முதலில் உளுத்துப்போவதும் அதுதான். கிரீன்ஸ்டெட் மரங்களில் வெளிறு போய்விட்டது, அதோடு அந்த வளையங்களும் போய்விட்டன. ஓக்கில் வெளிறு வழக்கமாக எத்தனை வளையம் இருக்கும் என்று கணக்குப் போட்டு, 10 முதல் 55 ஆண்டுகள்வரை கூட்டிக்கொள்கிறார்கள். அப்படியானால் மரம் வெட்டியது 1063க்கும் 1108க்கும் இடையில்.

இங்கிலாந்து வரலாறு கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு இந்த இடத்தில் சிரிப்பு வரும். நார்மன் படை கடல் தாண்டி வந்து நாட்டைப் பிடித்த 1066 இந்த இடைவெளிக்குள்தான் விழுகிறது. ஆகவே சுவர் எழுப்பியபோது நாட்டை ஆண்டது அதுவரை இருந்த சாக்ஸன் அரசனா புதிதாக வந்த நார்மன் அரசனா என்பதை மரம் சொல்லவில்லை. கைவேலை என்னவோ பழைய சாக்ஸன் பாணி. ஆட்சி மாறிய அன்றே ஊர்த் தச்சர்கள் வேலை செய்யும் விதத்தை மாற்றிக்கொண்டிருப்பார்களா என்ன?

இருநூறு வருடம் குறைந்துபோனதில் உள்ளூர்க்காரர்களுக்கு வருத்தம் இருந்திருக்கும். எனக்கென்னவோ 845ஐவிட '1063இலிருந்து 1108க்குள்' என்பதுதான் நம்பத் தோன்றும் பதிலாக இருக்கிறது.

ராஜா ஒருவரின் உடலை இங்கே வைத்திருந்தார்களாமே?

இங்கிலாந்தின் கிழக்கே அன்று தனி நாடாக இருந்த கிழக்கு ஆங்கிலியாவின் அரசர் எட்மண்ட். 869இல், கடல் தாண்டிப் படையெடுத்து வந்த டேனியர் (டென்மார்க் பக்கத்தவர்) அவரைக் கொன்றார்கள். வெட்டிப் புதரில் எறிந்த தலையை ஓர் ஓநாய் காவல் காத்தது என்றும், தேடி வந்தவர்களிடம் அந்தத் தலையே "இங்கே, இங்கே" என்று குரல் கொடுத்தது என்றும் கதை. பிறகு புனிதராகப் போற்றப்பட்டார். அவர் உடல் இருந்த ஊரின் பெயரே பெரி செயின்ட் எட்மண்ட்ஸ் ஆகிவிட்டது.

1010இல் மறுபடியும் டேனியர் பயம். துறவிகள் உடலை லண்டனுக்குக் கொண்டுபோய்ப் பத்திரப்படுத்தி, 1013இல் திரும்ப எடுத்து வந்தார்கள். வழியில் ஆங்கருக்குப் பக்கத்தில் தங்கினார்கள், அதன் நினைவாக அங்கே ஒரு மரக் கோயில் நிற்கிறது என்று பெரி செயின்ட் எட்மண்ட்ஸ் மடத்தின் பழைய ஏடு ஒன்று சொல்கிறது. அது கிரீன்ஸ்டெட்தான் என்பது காலங்காலமாக இருக்கும் நம்பிக்கை.

மேலே சொன்ன வளையக் கணக்கை இதோடு வைத்துப் பாருங்கள். 1013இல் உடல் இங்கே தங்கியிருந்தாலும், இன்று நாம் பார்க்கும் சுவர்களுக்குள் தங்கியிருக்க முடியாது. அந்த மரங்கள் அப்போது காட்டில் நின்றுகொண்டிருந்தன. ஆனால் 1960இல் பீடப் பகுதிக்குக் கீழே தோண்டியபோது, இதற்கும் முந்திய மரக் கட்டடங்களின் தடங்கள் கிடைத்தன. அதாவது இந்த இடத்தில் முன்பே கோயில் இருந்திருக்கிறது. உடல் தங்கியது அதற்குள்ளாக இருக்கலாம். ஏட்டில் சொன்னபடி, நினைவாகப் பிறகு எழுப்பியதாகவும் இருக்கலாம். கதையை அடியோடு தள்ளவும் வேண்டாம், சுவரைக் காட்டி "இங்கேதான்" என்று சொல்லவும் வேண்டாம்.

சுவரில் சின்னத் துளை இருக்கிறதே, குஷ்டரோகிகளுக்காகவா?

வடக்குச் சுவரில் இருப்பதைக் கேட்கிறீர்கள். உள்ளே வர அனுமதி இல்லாத குஷ்டரோகிகள் வெளியே நின்று இதன் வழியாகப் பூசையைப் பார்த்தார்கள், ஆசீர்வாதம் வாங்கினார்கள் என்பது பலர் சொல்லும் கதை. இங்கிலாந்தில் பழைய சர்ச் சுவரில் எங்கே துளை இருந்தாலும் இதே கதையைச் சொல்லிவிடுவார்கள். வாசலருகே புனித நீர் வைத்த மாடம் என்று இன்னொரு விளக்கமும் உண்டு. எனக்கு இரண்டாவதுதான் பொருத்தமாகப் படுகிறது. கூட்டிப் போகிறவர்களுக்கு என்னவோ முதலாவதுதான் பிடிக்கிறது.

வாசலை ஒட்டி இருக்கும் கல்லறை யாருடையது?

12ஆம் நூற்றாண்டுக் கல். சிலுவைப் போருக்குப் போய் வந்த வீரர் ஒருவருடையது என்கிறார்கள். பெயர் இல்லை.

அந்தக் காலத்தில் உள்ளே எப்படி இருந்திருக்கும்?

முதலில் பெஞ்சுகளை எல்லாம் எடுத்துவிடுங்கள். மக்கள் நின்றார்கள், முழங்காலிட்டார்கள். முடியாதவர்கள் சுவரில் சாய்ந்துகொண்டார்கள். கூரைச் சன்னல்களையும் எடுத்துவிடுங்கள், அவை டியூடர் அரசர்கள் காலத்தில் (16ஆம் நூற்றாண்டு வாக்கில்) வந்து 19ஆம் நூற்றாண்டில் மாற்றப்பட்டவை. கூரை வைக்கோல் வேய்ந்ததாக இருந்திருக்கும் என்கிறார்கள். வெளிச்சம் கதவு வழியாக வந்ததும் மெழுகுவர்த்தியும்தான். பூசை லத்தீனில் நடந்தது, உழவர் யாருக்கும் அது புரிந்திருக்காது.

ஆனாலும் ஊர் வாழ்க்கை முழுக்க இதைச் சுற்றித்தான் நடந்தது. பிள்ளைக்கு ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாம் இங்கே. விளைந்ததில் பத்தில் ஒரு பங்கு குருவுக்கு. திருநாள் என்றால் வேலை இல்லை. 16ஆம் நூற்றாண்டில் எட்டாம் ஹென்றி ரோமோடு உறவை முறித்த பிறகு எல்லாம் தலைகீழானது. வழிபாடு ஆங்கிலத்துக்கு வந்தது. புனிதர்களின் படங்கள் சர்ச்சுகளிலிருந்து போயின. 1538இல் வந்த உத்தரவால் ஒவ்வொரு ஊர்ச் சர்ச்சும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் பதிவேட்டில் எழுதவேண்டியதாயிற்று. இந்தப் பதிவேடு என்ற சங்கதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும்.

இத்தனை வருடம் மரம் எப்படி உளுக்காமல் இருக்கிறது?

உளுத்தது. அதுதான் பலருக்குத் தெரிவதில்லை.

ஓக் வைரத்துக்கு இயல்பாகவே ஆயுசு அதிகம். அதிலிருக்கும் துவர்ப்புச் சத்து பூஞ்சையையும் பூச்சியையும் எளிதில் அண்ட விடாது. ரம்பத்தால் அறுக்காமல் ஆப்பு வைத்துப் பிளந்ததால் நார் அறுபடவில்லை, தண்ணீர் உள்ளே இறங்க வழி குறைவு. ஆனால் தரையை ஒட்டிய ஈரத்துக்கு எந்த மரமும் தப்பாது. 19ஆம் நூற்றாண்டில் பார்த்தபோது மரங்களின் அடிப்பாகம் இற்றுப்போயிருந்தது.

1848இல் பெரிய பழுதுபார்ப்பு. மரங்களின் இற்றுப்போன அடியை வெட்டிவிட்டு, செங்கல்லால் தாழ்வான அடிச்சுவர் கட்டி, அதன்மேல் அடிச்சட்டம் போட்டு, மரங்களைத் திரும்ப நிறுத்தினார்கள். போய்ப் பார்க்கும்போது குனிந்து அந்தச் செங்கல் வரிசையைப் பாருங்கள். சுவர் ஏன் இவ்வளவு குட்டையாக இருக்கிறது என்று புரியும். ஒவ்வொரு மரமும் காலை இழந்துதான் மிச்சத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

விக்டோரியா காலத்துக்காரர்கள் கூரை, தாழ்வாரம் என்று வேறு பலவற்றையும் தங்கள் ரசனைக்கு மாற்றிவிட்டார்கள் என்று திட்டுகிறவர்கள் உண்டு. திட்டலாம். ஆனால் அந்த வேலை நடக்காமல் இருந்திருந்தால் இன்று திட்டுவதற்கும் சுவர் இருந்திருக்குமா என்று தெரியாது.

தொழிற்சங்க வரலாற்றில் இந்த ஊர்ப் பெயர் வருகிறதே, ஏன்?

இந்தியாவில் சங்கத்தில் இருந்த என் மாமா கேட்டது இது. நாங்கள் போனதிலேயே நீண்ட பேச்சு அன்றைக்குத்தான்.

தென்மேற்கு இங்கிலாந்தின் டார்செட் பகுதியில் டால்பட்டில் என்றொரு கிராமம். வாரக் கூலி 7 ஷில்லிங்குக்கு வந்து, இன்னும் குறையும் என்ற நிலை. விவசாயக் கூலிகள் சங்கம் சேர்ந்தார்கள். சங்கம் சேர்வது அப்போது குற்றம் இல்லை. ஆனால் ரகசியமாகச் சத்தியப் பிரமாணம் எடுத்தார்கள் என்று, கடற்படைக் கலகத்தை அடக்கக் கொண்டுவந்த 1797ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தேடி எடுத்து வழக்குப் போட்டார்கள். 1834 மார்ச்சில் ஆறு பேருக்கு ஏழு வருடம் நாடுகடத்தல், ஆஸ்திரேலியாவுக்கு. நாடே கொதித்தது, லண்டனில் பெரிய ஊர்வலம் நடந்தது. 1836இல் மன்னிப்பு வந்தது. ஒவ்வொருவராகத் திரும்பி வரவே 1839 ஆகிவிட்டது.

ஊருக்குத் திரும்பினால் எந்தப் பண்ணைக்காரர் வேலை கொடுப்பார்? ஆதரவாளர்கள் பணம் திரட்டி, எசெக்ஸில் குத்தகைக்கு நிலம் எடுத்துக் கொடுத்தார்கள். அந்த நிலங்களில் ஒன்று கிரீன்ஸ்டெட்டில். அந்த ஆறு பேரில் ஜார்ஜ் லவ்லெஸ், அவர் தம்பி ஜேம்ஸ், ஜேம்ஸ் பிரைன் ஆகியோர் இங்கே வந்தார்கள். தாமஸ் ஸ்டாண்ட்ஃபீல்டும் மகனும் பக்கத்துக் கிராமத்தில். ஜேம்ஸ் ஹேமெட் மட்டும் டால்பட்டிலுக்கே போய்விட்டார்.

வந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. சாதாரண உழைப்பாளிக்கும் வாக்குரிமை கேட்ட சாசன இயக்கத்துக்கு இங்கே ஒரு கிளை தொடங்கினார்கள். ஊர்ப் பெரியவர்களுக்குப் பிடிக்கவில்லை. கிரீன்ஸ்டெட் சர்ச்சின் குரு பிலிப் ரே இவர்களைக் கடுமையாகக் கண்டித்துப் பேசினார். அதே 1839இல், அதே சர்ச்சில்தான் ஜேம்ஸ் பிரைனுக்கும் தாமஸ் ஸ்டாண்ட்ஃபீல்டின் மகள் எலிசபெத்துக்கும் கல்யாணம் நடந்தது. பதிவேட்டில் இருக்கிறது.

சில வருடங்களில் ஐந்து குடும்பங்களும் கனடாவுக்குக் கப்பல் ஏறிவிட்டன. குரு ரே இங்கேயே இருந்தார். 1848இல் மரங்களைக் காப்பாற்றிய அந்தப் பெரிய பழுதுபார்ப்பை முன்நின்று நடத்தியது அவர்தான். மாமாவிடம் இதைச் சொன்னபோது, "மரத்துமேல இருந்த அக்கறை மனுஷன்மேல இல்ல பாரு" என்றார். நான் எதிர்த்துப் பேசவில்லை. ஆனாலும் அந்த மனிதர் இல்லாவிட்டால் நாங்கள் இருவரும் அங்கே சாய்ந்து நின்று பேசச் சுவர் இருந்திருக்காதே என்று தோன்றியது.

மணிக்கூண்டு எப்போது வந்தது?

மணியில் 'வில்லியம் லேண்ட் என்னைச் செய்தார், 1618' என்று பொறித்திருக்கிறது. மணியே பேசுவது மாதிரி எழுதுவது அந்தக் காலத்து வழக்கம். கூண்டு அதற்கும் முந்தியதாக இருக்கலாம்.

இப்போதும் வழிபாடு நடக்கிறதா, இல்லை மியூசியம் மாதிரியா?

நடக்கிறது. இது ஆங்கிலிக்கன் சபையின் பங்குக் கோயில். வழிபாட்டு நேரத்தில் சுற்றிப் பார்க்கப் போகாதீர்கள். வழிபட வேண்டுமென்றால் தாராளமாகப் போய் உட்காருங்கள், யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது, உண்டியல் உண்டு. கூரையும் மரமும் தொடர்ந்து செலவு வைப்பவை, நாலு காசு போட்டுவிட்டு வாருங்கள். இங்கிலாந்துத் தபால்துறை 1972இல் கிராமத்துச் சர்ச்சுகளுக்கு வெளியிட்ட தபால்தலைகளில் 3 பென்ஸ் தலை இதற்குத்தான். தபால்தலை சேர்ப்பவர்கள் தேடிப் பார்க்கலாம்.

எப்படிப் போவது?

ஒரு காலத்தில் லண்டன் பாதாள ரயிலே ஆங்கர்வரை போனது. 1994இல் நிறுத்திவிட்டார்கள். இப்போது சென்ட்ரல் லைனில் கடைசி நிலையமான எப்பிங்கில் இறங்கி, பஸ் பிடித்து ஆங்கர். அங்கிருந்து மேற்கே சுமார் ஒரு மைல் நடை. எசெக்ஸ் வே என்ற நீண்ட நடைபாதையின் ஒரு துண்டுதான் அது, இரண்டு பக்கமும் மரம். காரிலும் போகலாம், ஆனால் நடந்து போனால்தான் திடீரென்று மரங்களுக்கு நடுவில் வெள்ளைக் கூண்டு தெரியும். மழைக்காலத்தில் பாதை சேறாகிவிடும், நல்ல செருப்பு வீணாகும். ஒரு தடவை பட்டுப்புடவையோடு வந்தவரை நடத்திக் கூட்டிப்போய் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது போதும்.

சுவரைத் தொட்டுப் பார்க்கலாமா?

பிள்ளைகள் எல்லாரும் கேட்பது. சுரண்டாமல், பேர் எழுதாமல், மெதுவாக உள்ளங்கையை வைத்துப் பார்க்கலாம். தெற்குச் சுவரில் மதிய வெயில் பட்ட பிறகு வையுங்கள், மரம் இளஞ்சூடாக இருக்கும்.